வீடியோ போதாது, மாப்பிள்ளை

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மழை இந்த வருடம் பரவாயில்லை, ஊருணியில் தண்ணீர் நிற்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது வாட்ஸாப்பில் இரண்டு வரியில் சொல்லித் தீர்கிற சங்கதி இல்லை.

நம் பயிற்சி மையத்து ஆய்வக மூலையில் இருந்த விண்டோஸ் 7 கணினி போன வாரம் படுத்துவிட்டது. நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழைய பிரவுசர், அதற்குள் அசையும் பாடங்களை ஓட்டும் பழைய ஃபிளாஷ் பிளகின் இரண்டையும் வைத்து அதில்தான் உன் முலாம் பூச்சுப் பாடத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். பாடக் கோப்பு சர்வரில் பத்திரமாக இருக்கிறது. திறக்கத்தான் இப்போது ஒரு பிரவுசரும் இல்லை.

இது திடீரென்று வந்த வினை இல்லை என்பது உனக்கும் தெரியும். 2015இல் குரோம் பழைய பிளகின் வாசலை மூடியபோதே ஜாவா ஆப்லெட், சில்வர்லைட் பாடங்கள் எல்லாம் அதில் நின்றுபோயின. ஃபிளாஷை 2020 கடைசியோடு நிறுத்துகிறோம் என்று அடோபி 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளகினின் பிந்தைய பதிப்புகளே பாடத்தை ஓட்ட மறுத்தன. மூன்றரை வருட அவகாசம்! அது முழுக்க மேலிடத்துக் கடிதப் போக்குவரத்திலேயே கரைந்தது. அப்புறம் ஒரு புண்ணியவான் எட்ஜில் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போல நடக்கும் ஐஇ மோடு இருக்கிறதே என்றார். அது பழைய பக்கங்களைத் திறக்கும், ஆக்டிவ்எக்ஸ் என்ற பழைய பிளகின் வகையையும் தாங்கும். ஆனால் ஃபிளாஷே இல்லாதபோது எந்த மோடில் திறந்து என்ன செய்வது? பையன்கள் கையில் இருப்பதோ போன்.

இப்போது கணினி படுத்ததும் எல்லாருக்கும் அவசரம் வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து, “எல்லாப் பாடத்தையும் வீடியோவாக மாற்றித் தருகிறேன், எந்த பிரவுசரிலும் ஓடும்” என்கிறார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். நம்ம ஒட்டடை சாரும்தான்! எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

உன் பாடத்தில் அந்த நிக்கல் தொட்டியை நினைத்துப் பார். பையன் ஆம்பியர் குமிழைத் திருப்புவான். கொஞ்சம் திருப்பினால் தகடு பளபளவென்று வரும். ஆசைப்பட்டு இன்னும் கூட்டுவான். மின்னோட்டம் மூலைகளில்தானே குவியும், அங்கே முதலில் கறுக்கும், பிறகு சொரசொரப்பாகும், கடைசியில் தகடு வீண். போரிக் அமிலத்தைக் குறைத்து வைத்தால் கருகல் இன்னும் சீக்கிரம் வரும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தானே கெடுத்துப் பார்த்துத் தானே தெரிந்துகொள்வான். வீடியோவில் யாரோ ஒருவர் கெடுத்ததை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அப்படிப் பார்த்துவிட்டு நேரே நிஜத் தொட்டிக்குப் போகிற பையனை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டுவந்த ஊரில், முலாம் பூசுவதை வேடிக்கை காட்டி முடிப்பதா?

அதனால் நானே வேலையில் இறங்கிவிட்டேன். முதலில் ரஃபிள் போட்டுப் பார்த்தேன். பிளகின் இல்லாமலே ஃபிளாஷ் கோப்பை ஓட்டும் எமுலேட்டர். சின்னச் சின்ன அறிமுகப் பாடங்கள் அதில் அப்படியே எழுந்து நின்றன, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் உன்னுடையது ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3, ஃபிளாஷின் பிந்தைய நிரல்மொழி; ரஃபிளுக்கு அது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. தொட்டி வருகிறது, குமிழும் திரும்புகிறது, தகடு மட்டும் கருக மாட்டேன் என்கிறது. ஆகவே அதை ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதப் போகிறேன். முடிந்த கோப்பைப் பிரித்துத் தரும் டீகம்பைலர் போட்டுப் படங்களையும் நிரல்களையும் வெளியே எடுத்துவிட்டேன். தமிழ் எழுத்துகள்தான் படுத்துகின்றன. நாம் போட்டது யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு. திரையில் அழகாகத் தெரிகிறது, வெளியே எடுத்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுகிறது. அதற்கு மாற்றி இருக்கிறது, சமாளித்துவிடுவேன்.

மதிப்பெண் தொலைகிற புகாருக்கும் காரணம் பிடித்துவிட்டேன். மதிப்பெண்ணைப் பதிவேட்டுக்கு அனுப்பும் ஸ்கார்ம் முறையில் செய்த நம் பாடங்கள் எல்லாமே பிரவுசர் ஜன்னலை மூடும் நொடியில்தான் மதிப்பெண்ணை அனுப்பும். சர்வரிடமிருந்து பதில் வரும்வரை ஜன்னலை நிறுத்திவைக்கும் அந்த முறையை குரோம் 80வது பதிப்பில், 2020இல், தடுத்துவிட்டது. பையன் பாடத்தை முடித்திருப்பான், பதிவேட்டில் பாதியில் நிற்கும். பாவம், பையன்களைத்தான் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். இனி ஒவ்வொரு கேள்விக்கும் உடனுக்குடன் பதிவாகும்படி மாற்றுகிறேன்.

மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்கு நீதான் வேண்டும். டீகம்பைலரில் நிரல் வந்தது, நீ வரிக்கு வரி எழுதிவைத்த குறிப்புகள் வரவில்லை. கம்பைல் செய்யும்போதே அவை உதிர்ந்துவிடும். கருகும் இடத்தில் நீ ஒரு எண் போட்டிருக்கிறாய், எந்த அளவீட்டிலிருந்து எடுத்தாய் என்று எனக்குப் புரியவில்லை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு புதுப் பாடத்தில் போட எனக்கு மனசில்லை. நீ பாடத்தை உருவாக்கிய மூல எஃப்எல்ஏ கோப்பு இருந்தால் குறிப்பும் அதில் அப்படியே இருக்கும்.

சிங்கப்பூர் போகுமுன் உன் டிஸ்க், சிடி எல்லாவற்றையும் கானாடுகாத்தான் வீட்டு மேல்மாடி அறையில் போட்டுப் பூட்டினாய் அல்லவா? சாவி உங்கள் பெரிய ஆச்சியிடம் இருக்கிறது. உன் வாயால் கேட்காமல் என்னிடம் தர மாட்டார்கள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். இந்த வாரமே போன் போட்டுச் சொல்லிவிடு. வியாழக்கிழமை மறுபடி கூட்டம் இருக்கிறது, அதற்குள் கருகுகிற தகட்டை அவர்கள் போனிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்