தெருவை அகலப்படுத்தும் லாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், சிவப்பணு என்பது ஆக்சிஜனை ஏற்றி இறக்கும் லாரி, அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு வரி வந்திருக்கிறது.

சரி, லாரி என்றே வைத்துக்கொள்வோம். போகிற தெரு குறுகலாக இருந்தால் தானே அகலப்படுத்திக்கொள்ளும் லாரியை எந்த ஊரில் பார்த்தீர்கள்? ஓடுகிறவரின் கால் தசையில் ஆக்சிஜன் குறைந்ததும் சிவப்பணு ஏ.டி.பி.யை, அதாவது செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறை, வெளியே விடுகிறது. அது ரத்த நாளத்தின் உட்சுவரைத் தூண்ட, சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விட, நாளம் விரிகிறது. தட்டுப்பாடு உள்ள இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. எல்ஸ்வொர்த் என்ற ஆராய்ச்சியாளரின் குழு இதை எழுதியது 1995இல். நைட்ரிக் ஆக்சைடு பற்றிய கண்டுபிடிப்புக்கு நோபல் கிடைத்தது 1998இல். உங்களுக்குத் தெரியாததையா சொல்லப்போகிறேன்? சிவப்பணுவே நைட்ரிக் ஆக்சைடைச் சுமந்து வந்து கொடுக்கிறது என்று ஸ்டாம்லரும், ரத்தத்திலுள்ள நைட்ரைட் என்ற உப்பிலிருந்து ஹீமோகுளோபின் (சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) அதைத் தயாரிக்கிறது என்று கிளாட்வினும், இந்த இரண்டு ஆராய்ச்சியாளர்களும் இன்னொரு பக்கம் வழக்காடுகிறார்கள். அது வேறு கதை.

நான் ரத்த வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழாயில் இருக்கும் கருஞ்சிவப்பு ரத்தம் காற்றோடு குலுங்கியதும் பளீரென்று மாறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் ஏறினாலும் இறங்கினாலும் ஹீமோகுளோபினின் வடிவமே மாறிவிடும். ஏ.டி.பி.யை எப்போது விட வேண்டும் என்பது சிவப்பணுவுக்கு அதை வைத்துத்தான் தெரிகிறது. ஒன்றும் தெரியாதாம்!

போன தீபாவளி சமயத்தில் பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று எழுதினீர்கள். அதிலிருக்கும் நைட்ரேட்டை வாயிலுள்ள பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், நாளம் விரிய அது உதவும், நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே கடிதம் போட்டேன். அது இதழில் வரவில்லை. அட்டைப்படக் கோலத்தைப் பாராட்டிய கடிதம் வந்தது. கோலம் அழகுதான், மறுக்கவில்லை. அதற்கும் முன்பு ஒரு தடவை என் கடிதத்தைப் பாதியாக வெட்டி, கீழே வேறு ஊர்ப் பெயரைப் போட்டீர்கள். வெள்ளணுப் படத்துக்குக் கீழே சிவப்பணு என்று அச்சிட்டதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். அப்படியே மருத்துவப் பக்கத்தின் எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள், கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி