காய்ச்சல் விட்ட நாளில் எங்களோடு நின்றவர்களுக்கு

மார்கழி மழைக்குள் எங்கள் ஒன்றரை வயது மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. இப்போது அவள் நல்ல சுகம். முற்றத்தில் கோழிகளைத் துரத்திக்கொண்டு திரிகிறாள். அவளைக் காப்பாற்றித் தந்த ஒவ்வொருவரையும் நேரில் கண்டு கும்பிட வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் பலரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால் இந்த மடல். எங்களைப் போல சின்னப் பிள்ளை வைத்திருக்கிற தாய் தகப்பன்மாருக்கும் உதவட்டும் என்று, அவர்கள் சொல்லித் தந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு. ஊரில் எல்லாருக்கும் அவர் மிட்வைஃப் மிஸ். நிறை பார்க்கக் கிளினிக்குக்குப் போகும் நாள்களில், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒவ்வொரு தாயோடும் நின்று பேசுவார். "வெப்பமானியில எவ்வளவு காட்டுதெண்டு மட்டும் பார்க்காதீங்க, புள்ளயப் பாருங்க" என்பது அவர் எப்போதும் சொல்வது. 102 பாகை காய்ச்சலடித்தாலும், மருந்து கொடுத்த பிறகு எழும்பி விளையாடி, தண்ணீர் குடித்து, வழமைபோல் சலம் (சிறுநீர்) போகிற பிள்ளையை வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். காய்ச்சல் குறைவாக இருந்தாலும், துவண்டுபோய்க் கூப்பிட்ட குரலுக்கு முகம் திருப்பாமல் கிடக்கிற பிள்ளையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மூன்று மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கே இல்லை. 100.4 பாகை காட்டினாலே உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூச்சு எண்ணவும் அவர்தான் பழக்கினார். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும் நேரம் சட்டையை உயர்த்திவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைக்கு அது 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே உள்ளே இழுபடுகிறது என்றால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம், கிளம்பிவிட வேண்டியதுதான். குடித்ததையெல்லாம் சத்தி எடுப்பது, பால்கூட வேண்டாமென்று தள்ளுவது, வலிப்பு, எழுப்பியும் எழும்பாத தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

காத்தான்குடிப் பாமசியில் நின்ற நானாவுக்கு அடுத்த நன்றி. காய்ச்சலுக்குப் பாணி மருந்து வாங்க என் கணவர் போனபோது, போத்தலை எடுக்க முதல் வயது என்ன, நிறை என்ன, காய்ச்சல் எத்தனை நாள் என்று விசாரித்திருக்கிறார். பரசிற்றமோலை வயதைப் பார்த்துக் கொடுப்பதைவிட நிறையைப் பார்த்துக் கொடுப்பதுதான் சரி, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். மகளின் நிறை 10 கிலோ. அப்படியென்றால் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் இருக்கிற பாணியில் அது ஆறு மில்லிலீற்றருக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, அளந்து கொடுக்க ஊசியில்லாத ஒரு சிரிஞ்சும் தந்துவிட்டார். "இது மழைக்காலம், எங்கயும் டெங்கு. காய்ச்சல் குறையேல்லயெண்டு ஐபுபுரூபனோ, பின்பக்கத்தால வைக்கிற மருந்தோ குடுத்துராதீங்க, இரத்தம் கசியும்" என்று அவர் சொன்ன சொல்லை வைத்தியசாலையில் டொக்டரும் அப்படியே சொன்னார்.

காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாததால் பக்கத்து வைத்தியசாலையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) குறையத் தொடங்கியிருந்தது, ஆனாலும் பயப்படும் அளவுக்கு இல்லை. கஞ்சி, இளநீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல்) கொடுத்துக்கொண்டு, அடுத்த நாள் மறுபடி இரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள். சிவப்பு நிறத்திலோ மண்ணிறத்திலோ எதையும் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். சத்தி எடுத்தால் அது இரத்தமா குடித்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாதாம்.

அன்று பின்னேரம் காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்திருந்தது. வீட்டில் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. மாமி விளக்கேற்றிக் கும்பிட்டா. அந்த நேரம் பார்த்து மிட்வைஃப் மிஸ் மழையில் நனைந்துகொண்டு வந்து இறங்கினார். "காய்ச்சல் விட்டுட்டுது மிஸ்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இனித்தான் தங்கச்சி கவனமாப் பார்க்கோணும்" என்றார்.

டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும். ஒரு நாள், இரண்டு நாள் அப்படிக் கசியும். வெளியே இருந்து பார்ப்பவருக்குப் பிள்ளை சுகமாகிவிட்டதுபோல் தெரியும். மிஸ் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், இளஞ்சூடாக இருந்தது. பாதத்தைத் தொட்டார், குளிர்ந்து கிடந்தது. பெருவிரலின் நகத்தை மெல்ல அமர்த்தி விட்டார். நகம் வெளுத்தது. இரண்டு வினாடிக்குள் அந்த இடம் திரும்பச் சிவக்க வேண்டும். நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், நிறம் வர நேரமெடுத்தது. மத்தியானத்துக்குப் பிறகு சலம் போனாளா என்று கேட்டார். போகவில்லை. கேட்டு முடிந்த கையோடு "வெளிக்கிடுங்க" என்றார்.

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அன்று பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோ வாசலிலேயே நின்றதால் அதிலேயே ஏறினோம். அந்தத் தம்பிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? மண்முனைப் பாலம், ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று அந்த மழைக்குள் ஒரு குழியில் விழாமல் கொண்டுபோய் இறக்கினார். 2014இல் பாலம் திறக்கும்வரை படுவான்கரைச் சனம், அதாவது வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் பக்கத்தார், அந்த இடத்தில் பாதை என்கிற மிதவையில்தான் ஆற்றைக் கடந்தது. நோயாளியோடு கரையில் பாதைக்குக் காத்து நின்ற கதைகளை மாமி வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தா.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில் இருந்த டொக்டர்மாருக்கும் நேர்ஸ் மிஸ்மாருக்கும் எங்கள் நன்றி தீராது. இராத்திரி முழுக்க மணிக்கு மணி வந்து நாடி, இரத்த அமுக்கம், கைகால் சூடு எல்லாம் பார்த்தார்கள். பம்பர்சைக் கழற்றித் தராசில் வைத்து நிறுத்து எழுதினார்கள், எவ்வளவு சலம் போயிருக்கிறது என்று அறிய. சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கிவிடும் என்பதால் துளித்துளியாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சிறுதட்டு எத்தனை என்றுதான் நாங்கள் கேட்டபடி இருந்தோம். இளவயது டொக்டர் ஒருவர் கட்டிலோரம் நின்று, அந்த எண்ணிக்கையைவிடக் கசிவுதான் முக்கியம் என்று எங்களுக்கு விளங்கும் தமிழில் பொறுமையாகச் சொன்னார். தமிழ் பேசிப் பழக்கமில்லாத ஒரு சிங்கள நேர்ஸ் மிஸ், "பயம் வேண்டாம் அம்மா" என்ற சொல்லை மட்டும் பாடமாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாயிடமும் சொன்னார்.

பக்கத்துக் கட்டில்காரி வாழைச்சேனையில் இருந்து வந்திருந்தா. என் சாப்பாட்டை அவதான் பார்த்துக்கொண்டா. ஊரில் நூல் கட்டிப் பார்வை பார்க்கிற பெத்தாச்சியையும் மறக்க மாட்டேன். முதல் நாளே வந்து நூல் கட்டிவிட்டு, "அம்மன் காப்பா, ஆனா டொக்டரிட்டக் காட்டாம இருக்காத புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் போனா.

ஆட்டோத் தம்பி இன்னமும் கூலி வாங்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை மகளுக்காகப் பொங்குகிறோம். பெயர் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் வர வேண்டும்.

இப்படிக்கு,
மகளின் அம்மாவும் அப்பாவும்
கொக்கட்டிச்சோலைப் பக்கம், மட்டக்களப்பு