எங்க வீட்டு மொய் நோட்டு: ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

ஜனவரி ரெண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, குப்பை வண்டி வர்ற நாள், இவர் வேலைக்குக் கிளம்பிட்டார், நான் நைட்டி மேல ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு குப்பைத்தொட்டிய டிரைவ்வேல உருட்டிட்டுப் போனேன். முந்தின நாள் உருகின பனி ராத்திரியோட ராத்திரியா இறுகிக் கிடந்திருக்கு, இருட்டுல எனக்குத் தெரியல, கால் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். கணுக்கால்ல ரெண்டு இடத்துல எலும்பு போச்சு. பிளேட் ஸ்க்ரூ எல்லாம் வச்சுத் தச்சு, 6 வாரம் அந்தக் காலத் தரையில ஊனவே கூடாதுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீட்டுல நாலு பசங்க. 11, எட்டு ஆகப்போற 7, அப்புறம் 5, கடைக்குட்டிக்கு 2.

நாங்க இருக்கறது யூட்டால ஓரெம். மார்மன்ங்கற கிறிஸ்தவ சபையச் சேந்த குடும்பம். (அந்தப் பேரச் சொல்ல வேண்டாம், சபையோட முழுப்பேரையே சொல்லுங்கன்னு 2018லயே அப்ப எங்க சபைத் தலைவரா இருந்த நெல்சன் கேட்டுக்கிட்டாரு, ஆனா நம்ம ஆளுங்ககிட்ட "பிற்கால பரிசுத்தவான்கள்"னு ஆரம்பிச்சா அரை மணி நேரம் விளக்கணும், மன்னிச்சுக்குங்க.) இவர் மிஷனரியா கோயமுத்தூர் வந்தவரு, அப்பத்தான் எங்களுக்குப் பழக்கம், ஆனா மிஷன்ல இருக்கறப்ப பொண்ணுங்ககூட தனியா நின்னு பேசக்கூட கூடாது, கல்யாணம் அதுக்கு எத்தனையோ வருஷம் கழிச்சுத்தான். வார்டு (எங்க ஏரியா சபைக்கு அதான் பேரு) ஆளுங்களுக்கு இங்கிலீஷ்ல கார்டு எழுதிக் குடுத்தாச்சு. ஆனா எனக்கு அழுகையும் திட்டும் நன்றியும் தமிழ்லதான் வருது, அதுவுமில்லாம உதவினதுல பாதிப்பேரு தமிழாளுங்க, அதான் இங்க ஒருவாட்டி. வார்டுக்காரங்களுக்கு இவர் படிச்சுச் சொல்லிக்குவாரு, அவருக்குப் பாதி புரியும்.

எங்க ஊர்ப் பக்கம் கல்யாணம் காதுகுத்துன்னா மொய் நோட்டு இருக்குமில்ல, யாரு எவ்வளவு வச்சாங்கன்னு எழுதி, அவங்க வீட்டு விசேஷத்துக்கு அதைப் பாத்து திருப்பி வைக்கணும். அந்த ரத்தம் எனக்கு. ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள், பெரியவனோட பழைய ஸ்கூல் நோட்டு ஒண்ண எடுத்து, தேதி போட்டு, யாரு வந்தா என்ன கொண்டாந்தான்னு எழுத ஆரம்பிச்சேன். நல்லா ஆனதும் ஒண்ணொண்ணா திருப்பிச் செஞ்சுடலாம்னு. ரெண்டாவது வாரத்துலயே கணக்கு கைமீறிப் போச்சு. ஒரே நாள்ல 7 பேரு. நடுவுல 5 வயசுக்காரன் வேற பாதிப் பக்கத்துக்கு டைனோசர் வரைஞ்சு வச்சிருக்கான். மிச்சம் இருக்கறத வச்சு எழுதறேன், யாரையாவது விட்டுட்டா டைனோசர் அடியில இருக்கீங்கன்னு நினைச்சுக்குங்க.

முதல்ல ரிலீஃப் சொசைட்டி அக்காமார். தெரியாதவங்களுக்கு, இது எங்க சபைல பெண்களோட சங்கம். நான் ஆஸ்பத்திரில கண்ணு முழிக்கறதுக்குள்ள இங்க லிஸ்ட்டு போட்டு முடிச்சாச்சு, எந்த நாள் யாரு சமையல், யாரு கடைக்குட்டியப் பாத்துக்கறது, யாரு ஸ்கூல்ல இருந்து கூட்டியாறதுன்னு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா "பரவால்ல, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்லியிருப்பேன், அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. 6 வாரத்துல 31 ராத்திரி சாப்பாடு வெளிய இருந்து வந்திருக்கு, அதுல 9 தடவ "ஃப்யூனரல் பொட்டேட்டோஸ்". துருவின உருளைக்கிழங்கு, சிக்கன் சூப் டின்னு, சோர் க்ரீம், சீஸ் எல்லாம் கலந்து மேல கார்ன்ஃபிளேக்ஸ் தூவி அவன்ல வைக்கறது, இங்க சாவு வீட்டுக்கு கொண்டுபோற பதார்த்தம், அதனால அந்தப் பேரு. அம்மா போன்ல "என்ன சாப்பிட்ட"ன்னு கேட்டப்ப நான் சும்மா இல்லாம "சாவு வீட்டு உருளைக்கிழங்கு"ன்னு சொல்லித் தொலைச்சேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் "யாரும்மா?"ன்னு கேட்டாங்க.

எல்லாம் அலுமினிய ஃபாயில் டிரேல வந்துச்சு. சாப்பிட்டுட்டு தூக்கிப் போட்டா போதும், கழுவ வேண்டாம், திருப்ப வேண்டாம். எனக்கு அதுதான் தாங்கல. அடுத்தவங்க வீட்டுப் பாத்திரத்த வெறுமனே திருப்பக்கூடாது, ஒரு கை சக்கரையாவது போட்டுக் குடுன்னு சொல்லி வளத்த பொண்ணு நான். இங்க திருப்பறதுக்கு பாத்திரமே இல்லாம பண்ணிட்டாங்களே!

என்னோட மினிஸ்டரிங் சிஸ்டர் ரெண்டு பேரு (ஒவ்வொரு வீட்டையும் கவனிச்சுக்கன்னு சபைல ரெண்டு ரெண்டு பேர ஒதுக்குவாங்க). ஒருத்தங்க 70 தாண்டின பாட்டி, தனியா இருக்காங்க, அவங்களும் பசங்களத்தான் வளத்தவங்க. முதல் நாள் வந்து சோபாவுல குமிஞ்சு கிடந்த சாக்ஸ் மலையப் பாத்தாங்க. நாலு பசங்க, நாலு சைஸு, கோடு போட்டது, சுறா போட்டது, ஹீல் மட்டும் சாம்பல் கலர் இருக்கறது, ஒண்ணுக்கும் ஜோடி கிடையாது. உக்காந்து அரை மணி நேரம் தேடினாங்க, 3 ஜோடி தேறுச்சு. ஒண்ணும் பேசாம மொத்த சாக்ஸையும் குப்பைப் பையில போட்டுக் கட்டி கார்ல ஏத்திட்டு, சாயங்காலம் திரும்பி வந்தப்ப கைல ஒரே மாதிரி வெள்ளை சாக்ஸ் 40 ஜோடி, பெரிய சைஸு 20, சின்ன சைஸு 20. "இனிமே எதையும் தேடாத, கைக்கு வந்தத மாட்டிவிடு"ன்னாங்க. பாட்டி, 11 வருஷமா நான் தேடிட்டு இருந்தது சாக்ஸ் ஜோடியத்தானான்னு அன்னிக்கு ராத்திரி யோசிச்சேன்.

பின் பெஞ்சு தாத்தாவுக்குத் தனியா ஒரு கும்பிடு. எங்க வீட்டுக்காரர் பிஷப்போட, அதான் வார்டுத் தலைவரோட, கவுன்சிலர், சம்பளமில்லாத வேலை, பிஷப்புக்கே சம்பளம் கிடையாது, ஞாயித்துக்கிழமை சேக்ரமெண்ட் மீட்டிங்ல (ரொட்டியும் தண்ணியும் குடுக்கற ஆராதனை) கோட்டு டை போட்டு மேடைல உக்காந்துக்குவாரு. கீழ பெஞ்சுல நான் ஒருத்தி, நாலு பசங்க, ஒரு டப்பா சீரியோஸ். மீட்டிங் முழுசா 1 மணி நேரம். 2019க்கு முன்னாடி சர்ச் மொத்தம் 3 மணி நேரமா இருந்துச்சு, இப்ப 2தான், அந்த முடிவ எடுத்தவங்களுக்கும் சேத்து இங்கயே நன்றி சொல்லிக்கறேன். நான் படுத்துக் கிடந்த வாரமெல்லாம் அந்த தாத்தா முன் பெஞ்சுக்கு வந்து, எங்க பசங்க நடுவுல உக்காந்து, சட்டப்பையில இருந்து சின்ன நோட்டு எடுத்து ஒவ்வொருத்தனுக்கும் ஒரு டிராக்டர் வரைஞ்சு குடுத்திருக்காரு. 2 வயசுக்காரன் இப்ப என்கூட உக்கார மாட்டேங்கறான், "தாத்தா ட்ராக்டர்"னு கத்தறான், அதுவும் ரொட்டிக்கு ஜெபம் பண்றப்ப.

அந்த பிப்ரவரி முதல் ஞாயிறு உபவாச நாள், அன்னிக்கு யாரு வேணா மைக்ல போய் சாட்சி சொல்லலாம். என் 5 வயசு புண்ணியவான் விடுவிடுன்னு போயி, "எங்கம்மா காலு உடைஞ்சதுல இருந்து எங்களுக்கு தினமும் டெசர்ட் வருது, நான் ரொம்ப நன்றியுள்ளவனா இருக்கேன்"னு சொல்லிட்டு வந்திருக்கான். மொத்த வார்டும் பசியோட உக்காந்திருக்கு, இவன் டெசர்ட்டப் பத்தி பேசறான். அடுத்த வாரம் பிரவுனி டபுளா வந்துச்சு. நோட்டுல இருக்கு.

ரெண்டு எல்டர்ஸ், அதான் மிஷனரிப் பசங்க, வெள்ளைச்சட்ட பேட்ஜ் போட்டுக்கிட்டு வந்து டிரைவ்வேல பனி வாரிப் போட்டு உப்பு தூவிட்டுப் போனாங்க, நான் எண்ணினது வரைக்கும் 8 தடவ. ஒருநாள் உள்ள கூப்பிட்டு தயிர்சாதம் குடுத்தேன். ஒரு பையன் மூஞ்சியச் சுளிக்காம சாப்பிட்டான், இன்னொருத்தன் பிஞ்சு முகத்தோட "சிஸ்டர், இது இனிப்பா காரமா?"ன்னு கேட்டான். 19 வயசு. வீட்டுக்கு வாரம் ஒரு தடவதான் பேசலாம். அதுவே 2019ல இருந்துதான், அதுக்கு முன்னாடி கிறிஸ்துமஸ், அன்னையர் தினம்னு வருஷத்துக்கு ரெண்டே போன். எங்க இவரு கோயமுத்தூர்ல இருந்தப்ப அவங்கம்மாவுக்கு அப்படித்தான். என் பெரியவனுக்கு இன்னும் 7 வருஷம் இருக்கு. அந்தப் பையன் தட்டு கழுவி வச்சுட்டு போனப்பறம் நான் கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அவனோட அம்மா யாருன்னு தெரியாது, அவங்களுக்கும் நன்றி.

லீஹைல இருந்து வந்த ஈரோட்டு அக்கா. அவங்க எங்க சபை இல்ல, ஐடி வேலை, மூணு வருஷம் முன்னாடி காய்கறிக் கடைல முருங்கைக்காய் தேடறப்ப பழக்கமானவங்க. வாரா வாரம் புதன்கிழமை ஐ-15ல வந்து ரசம், பீன்ஸ் பொரியல், கொள்ளுப் பருப்பு வச்சுட்டு, "ஏன்டி, குப்பைத்தொட்டிய இழுக்க வீட்டுல ஆம்பளையே இல்லையா"ன்னு திட்டிட்டுப் போவாங்க. அவங்களுக்கு காபி இல்லாம முடியாது, எங்க வீட்டுல காபி டீ கிடையாதே, அதனால ஃபிளாஸ்க்ல ஃபில்டர் காபி கொண்டாந்து சமையல்கட்டுல நின்னு குடிப்பாங்க. "குடிக்கத்தான கூடாது, மோந்து பாக்கலாமில்ல"ன்னு டம்ளர என் மூக்குகிட்ட நீட்டுவாங்க. காபி டீ கூடாதுன்னு எங்களுக்கு இருக்கற சட்டம், 1833ல வந்த ஞான வார்த்தை, அதுல வாசனையப் பத்தி ஒண்ணும் போடல, நான் பாத்துட்டேன்.

ஒரு குறையும் சொல்லிடறேன், மனசுல வச்சுக்க முடியல. ஒருத்தங்க வந்து, "உனக்கு ஓய்வு குடுக்கத்தான் ஆண்டவர் விழ வச்சிருக்காரு"ன்னாங்க. நல்ல எண்ணந்தான். ஆனா ஓய்வு குடுக்கணும்னா அவருக்கு வேற வழியே தோணலையாக்கும்! அதையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பேரு போடல.

அம்மா. இங்க ராத்திரி 7:30 அங்க காலைல 8 மணி, டிபன் முடிச்ச கையோட வீடியோல வந்து உக்காந்து பசங்க தூங்கற வரைக்கும் கதை. பாட்டி வடை சுட்ட கதைக்கு மூணாவது பையன் கேட்ட கேள்வி, "அந்தப் பாட்டி ஏன் வடைய ஃபாயில் போட்டு மூடி வைக்கல?" அம்மா மருதமலைக்கு வேண்டிக்கிட்டாங்க, இவரும் எல்டர்ஸ் கோரம் (சபைல ஆம்பளைங்க சங்கம்) தலைவரும் என் தலையில எண்ணெய் வச்சு கைவச்சு ஆசீர்வாதம் பண்ணினாங்க, எக்ஸ்ரேல எலும்பு நல்லா கூடியிருக்குன்னு வந்துச்சு. எதால கூடுச்சுன்னு ரெண்டு பக்கமும் நான் கேட்டுக்கல.

அப்புறம் என் பசங்க. முட்டிய மடக்கி வச்சு உருட்டிட்டுப் போற ஸ்கூட்டர் ஒண்ணு குடுத்தாங்க எனக்கு, நான் ஏறினத விட இவனுங்க ஏறினதுதான் ஜாஸ்தி, ஹால்ல ரேஸ் விட்டு சுவத்துல ரெண்டு ஓட்டை. ஆனா ரெண்டாமவனோட ஞானஸ்நானத்துக்கு பிப்ரவரி கடைசி சனிக்கிழமை அதே ஸ்கூட்டர்ல போனேன், வீட்ட விட்டு நான் வெளிய வந்த முதல் விசேஷம். 8 வயசுல குடுப்பாங்க, தண்ணில முழுசா முங்கணும், ஒரு முடி வெளிய தெரிஞ்சாலும் மறுபடி. பக்கத்துல ரெண்டு சாட்சிங்க நின்னு பாப்பாங்க. இவர் முக்கினாரு, பையனோட கால் கட்டைவிரல் மேல எட்டிப் பாத்துருச்சு, சாட்சியா நின்ன தாத்தா இல்லன்னு தலைய ஆட்டிட்டாரு. ரெண்டாவது தடவையும் கட்டைவிரல். மூணாவது தடவ பெரியவன் ஓரமா மண்டிபோட்டு "கால மடக்குடா"ன்னு தமிழ்ல கத்தினான். முங்கிருச்சு.

அந்தப் பெரியவன் ஜனவரில டீக்கன் ஆனவன், சபைல ரொட்டித் தட்டு ஏந்திக் குடுக்கற பொறுப்பு. அவன் முதல் தடவ தட்டு ஏந்தி வந்ததப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல, கட்டில்ல கிடந்தேன். மார்ச் முதல் ஞாயிறு கால நீட்டிக்கிட்டு பெஞ்சு ஓரமா உக்காந்திருந்தேன், ரொட்டித் தட்டோட வந்து என் முன்னாடி நின்னான், வெள்ளைச்சட்ட, கிளிப் டை கோணலா, கால்ல பாட்டி வாங்கித் தந்த வெள்ளை சாக்ஸ். சிரிக்கக் கூடாதுன்னு உதட்ட இறுக்கிக்கிட்டு இருந்தான்.

மார்ச்ல ரிலீஃப் சொசைட்டி ஆரம்பிச்ச நாள் விருந்து வரும், 1842 மார்ச் 17 இல்லினாய்ஸ்ல நாவூங்கற ஊர்ல தொடங்கினது. நடந்தே போனேன், நோட்டையும் எடுத்துட்டு. தலைவி அக்காகிட்ட காட்டி, இதெல்லாம் நான் திருப்பணும்னேன். அவங்க புரட்டிப் பாத்துட்டு, இதுல 4 குடும்பம் வேற ஊருக்கே போயிட்டாங்களேன்னு சிரிச்சுட்டு, வர்ற வாரம் ஒரு வீட்டுல குழந்தை பொறக்கப்போகுது, வியாழக்கிழமைக்கு ஆள் வேணும்னு லிஸ்ட்ட நீட்டினாங்க. லெமன் சாதமும் சிக்கன் வறுவலும்னு எழுதிட்டு வந்தேன். காரம் கம்மியா.

கடைசியா ஒரு விஷயம். ஃபாயில் டிரேக்கு நடுவுல ஒரே ஒரு கண்ணாடி டப்பா வந்திருக்கு, நீல மூடி, ஓரத்துல சின்ன விரிசல், அடியில பேரு எழுதின டேப்ப கடைக்குட்டி பிச்சுத் தின்னுட்டான். யாரோடதுன்னு சொல்லுங்க. உள்ள தேங்கா பர்பி போட்டு ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்கேன், நேத்து 24 இருந்துச்சு, இன்னிக்கு காலைல எண்ணினா 15, சீக்கிரம் வாங்க.