மஞ்சுவுக்கு, பொரி கடனோடு

பென்னாகரம்,
ஆனி கடைசி ஞாயிறு, மதியம்

அடியே மஞ்சு,

இங்கே எல்லாரும் நலம். ஆயா முட்டிவலியோடு நலம். கறுப்பு ஆடு மறுபடி சினை. உன் அம்மாவை நேற்று ரேஷன் கடையில் பார்த்தேன், நீ இளைத்துவிட்டாய் என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றபடி விசேஷமில்லை.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ளணும், அதற்குத்தான் கடிதம். போனில் சொன்னால் ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து எடுத்துப் பார்த்து ஒரு அழுகைப் பொம்மை அனுப்புவாய். அது எனக்கு வேண்டாம்.

மயானக் கொள்ளைக்கு ஊருக்கு வந்தாயே, அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் பம்பைச் சத்தத்துக்கு நடுவே என் காதில் வாயை வைத்து "ரிசல்ட் என்னாச்சுடி?" என்று கத்தினாய். "ஆல் பாஸ்" என்று நானும் கத்தினேன். பொய். காலேஜ் முதல் செமஸ்டரில் டிஃபரன்ஷியல் கால்குலஸ் போச்சு. 75-க்கு 27. தேற இன்னும் மூணு மார்க் வேணும். நீ பாட்டுக்கு சந்தோஷத்தில் பொரி வாங்கி என் கையில் கொட்டினாய். அதை மென்று முழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு மாசமாக உன்னோடு சரியாகப் பேசாததற்கு அந்தப் பொரிதான் காரணம்.

உடனே ராமானுஜன் கதையை எடுக்காதே. கும்பகோணத்திலும் பச்சையப்பனிலும் அவர் அந்தக் காலத்துக் காலேஜ் பரீட்சையான எஃப்.ஏ. தேறவில்லைதான். ஆனால் அவரைக் கவிழ்த்தது மற்ற பாடங்கள். நான் தமிழ், இங்கிலீஷ் எல்லாம் தேறி, கணக்கு படிக்கப் போன இடத்தில் கணக்கில் ஃபெயில். ரெண்டும் ஒண்ணா?

எப்படிப் போச்சு என்று கேட்பாய். பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த கணக்கை அங்கே இங்கிலீஷில் நடத்துகிறார்கள். டேன்ஜென்ட் என்றால் தலையில் ஒன்றும் தோன்றவில்லை. தொடுகோடு என்றால் ஒரு கோடு வந்து மெல்லத் தொடுவது கண்ணில் தெரியும். அசிம்ப்டோட் என்ற வார்த்தைக்குப் பயந்தே ஒரு யூனிட்டை விட்டேன். பிறகு பார்த்தால் அது நம்ம தொலைத்தொடுகோடு! சனியனே, நீதானா என்று இருந்தது. வகுப்பில் எழுந்து கேட்க வாய் வராது. அதனால் மனப்பாடம். வளைவு ஆரத்துக்குச் சூத்திரம்: மேலே ஒன்று கூட்டல் முதல் வகைக்கெழுவின், அதாவது சாய்வின், வர்க்கம், அந்த மொத்தத்துக்கும் மூன்றின் கீழ் இரண்டு அடுக்கு, கீழே இரண்டாம் வகைக்கெழு. இதைச் சஷ்டி கவசம் மாதிரி ஒப்பித்துக்கொண்டு போனேன். கேள்வியில் எண்ணை மாற்றிக் கொடுத்ததும் கவசம் கழன்றுவிட்டது. போதாததற்கு ஒரு பத்து மார்க் கணக்கில் இரண்டாம் வரியிலேயே மைனஸைத் தொலைத்துவிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். சிரிக்காதே.

வீட்டில் அதற்குள் வேறு கலவரம். அரியர் வைத்தால் ரெண்டாம் வருஷத்துக்கு விட மாட்டார்கள் என்று யாரோ அம்மாவிடம் கொளுத்திப் போட்டுவிட்டார்கள். அது பள்ளிக்கூடம் இல்லை, அரியரோடே அடுத்த வருஷம் போகலாம், ரெண்டாம் செமஸ்டரோடு சேர்த்து எழுதினால் போதும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. அம்மா பதிலே பேசவில்லை. ரெண்டு நாள் கழித்துப் பெரியத்தை வந்து காரிமங்கலத்துப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு ராத்திரி உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் மஞ்சு. ஓசூர் பஸ் ஏறும்போது நீ அழவில்லை. ஜன்னல் வழியாக "என் ரஃப் நோட்டைத் தொலைச்சிடாதே" என்று மட்டும் சொன்னாய்.

மாசி, பங்குனி முழுக்கப் புளி. அம்மா கிலோ கணக்கில் கொட்டை எடுக்க வாங்கிப் போட்டுவிட்டார். நான் ஒரு கையில் சுத்தியல், மடியில் நோட்டு. லைப்னிட்ஸ் தேற்றம் இருந்த பக்கமும் அடுத்த பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பாதித் தேற்றம் அந்தப் பக்கம் போய்விட்டது. இப்பவும் அந்த நோட்டை நக்கினால் புளிக்கும்.

சரி, இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பங்குனியில் சேலத்தில் ஒரு காதுகுத்து. பேரிங் மாமா லோடு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போகிறார் என்று நானும் அம்மாவும் லாரியிலேயே ஏறிவிட்டோம். தொப்பூர் கணவாய் இறக்கம். மாமா வழக்கம்போல, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே கியரில் இறக்கினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு வரும்போது ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், இன்னும் திருப்புகிறார், மெல்ல நேராக்குகிறார். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்: "மாமா, திருப்பின ஸ்டியரிங்கை அப்படியே பிடிச்சுக்கிட்டு விட்டுட்டா என்ன ஆகும்?" அவர் சொன்னார்: "மைதானமா இருந்தா வட்டம் அடிக்கும். இங்கேன்னா எல்லாரும் கீழே பள்ளத்துல கிடப்போம்."

வட்டம் அடிக்கும்! மஞ்சு, அந்த வட்டம்தான் வளைவு வட்டம். அதன் ஆரம்தான் நான் ஆறு மாசமாக ஒப்பித்துக்கொண்டிருந்தது! ரோட்டில் ஒவ்வொரு புள்ளியிலும் ஸ்டியரிங்கை அப்படியே உறைய வைத்தால் லாரி போடும் வட்டம். கொண்டை ஊசி என்றால் சின்ன வட்டம், கொஞ்சமாக வளைந்த ரோடு என்றால் பெரிய வட்டம். இடப்பக்க வளைவு முடிந்து வலப்பக்க வளைவு தொடங்குகிற இடத்தில் ஒரு நொடி ஸ்டியரிங் நேராக நிற்கிறது பார், அங்கே இரண்டாம் வகைக்கெழு பூஜ்யம். கீழே பூஜ்யம் வந்தால் ஆரம் முடிவிலிக்குப் போகும் என்று நோட்டில் எழுதியிருந்தேன், ஏனென்று தெரியாமல். அட, ஸ்டியரிங் நேராக இருந்தால் வட்டம் எங்கே வரும்? இரட்டைப் பாலம் தாண்டும்வரை நான் கையால் காற்றில் ஸ்டியரிங் ஓட்டிக்கொண்டிருந்தேனாம். பிள்ளைக்குக் காற்று கருப்பு பட்டுவிட்டதா என்று அம்மா மாமாவிடம் கேட்டிருக்கிறார்.

அரியர் பேப்பரில் வந்தது என்ன தெரியுமா? பரவளையம், ஒய் வர்க்கம் சமம் நாலு எக்ஸ், முனையில் வளைவு ஆரம் காண்க. சூத்திரத்தைப் போட்டேன். முனையில் தொடுகோடு செங்குத்தாக நிற்கிறது, முதல் வகைக்கெழுவே முடிவிலி. சூத்திரம் கையை விரித்துவிட்டது. பழைய நானாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். வட்டம் ஒன்று அங்கே கட்டாயம் இருக்கிறதே, சூத்திரத்துக்குத் தெரியாவிட்டால் என்ன என்று கேள்வித்தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தேன். இப்போது முனை கிண்ணத்தின் அடி மாதிரி தட்டையாக உட்கார்ந்திருக்கிறது. எக்ஸை ஒய்யின் சார்பாக எழுதினால் முதல் வகைக்கெழு பூஜ்யம், இரண்டாவது அரை. ஆரம் இரண்டு. மூணே வரி! தாளைத் திருப்புவதைப் பார்த்து மேற்பார்வைக்கு வந்தவர் பக்கத்தில் வந்து நின்று, பிட்டு ஏதாவது விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

போன வாரம் ரிசல்ட். 49. மற்றதெல்லாமும் பாஸ், இந்தத் தடவை நிஜமாக. ரெண்டாம் வருஷம் தொடங்கிவிட்டது. வெக்டர் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடு. வகைக்கெழுச் சமன்பாட்டைப் பார்த்தால் நீ சொக்கிப் போவாய். புதுமைப்பெண் பணம் 1000 வந்ததும் முதல் வேலையாகப் புது நோட்டு வாங்கினேன். காரிமங்கலத்துப் பேச்சு இப்போதைக்கு அடங்கியிருக்கிறது. பெரியத்தைதான் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நல்லதாகப் போச்சு.

உன் ரஃப் நோட்டு பத்திரமாக இருக்கிறது. அரியருக்குப் படித்தபோது அதைத்தான் முதலில் எடுத்தேன். ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் பென்சிலில் "ஏன்?" என்று எழுதி வைத்திருக்கிறாய், கணக்கு சரியாக வந்திருந்தாலும்கூட. பிளஸ் டூவில் அதைப் பார்த்து உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் இந்த வருஷம் மூணு சீட்டு காலியாகவே கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் உட்காரப் போகிறேன். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. அண்ணன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் என்று உன் அம்மா சொன்னார். அதற்கப்புறம் என்ன என்று நீயாகச் சொல்லும்வரை நான் கேட்க மாட்டேன்.

ஆடி 18-க்கு லீவு கேள். ஒகேனக்கலில் தண்ணீர் நன்றாக வருகிறதாம். பரிசலில் ஏறினால் நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம், போன தடவை மாதிரி கூச்சல் போடக் கூடாது. பொரி என் செலவு.

அதுவரை நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமலிருக்க ஒரு கணக்கு. சைன் எக்ஸ் கோட்டை ரோடாகப் போட்டு மாமா லாரியை ஓட்டினால், ஸ்டியரிங் எங்கெங்கே நேராக நிற்கும்? விடை மட்டும் எழுதி அனுப்பாதே, ஓரத்தில் பென்சிலில் எழுதுவதையும் சேர்த்து அனுப்பு.

உன்,
மைனஸ்