ஹூக்காவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செவிலியர் கல்லூரியில் 16 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். போன மாதம் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு, நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதும் பயிற்சி. ஒருவர் நோயாளியாக உட்கார, இன்னொருவர் கேட்டு எழுத வேண்டும். ‘புகைப்பழக்கம்’ என்ற வரிக்கு நேரே எல்லாத் தாளிலும் ‘இல்லை’. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவர்களில் ஒருத்தி தலைவலி, கிறுகிறுப்பு என்று வந்தாள். (பெயர் வேண்டாம், உங்கள் நாளிதழ் படிப்பவள்.) ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினோம், 99 சதவீதம் காட்டியது. ராத்திரி தூங்கினாயா என்று கேட்ட பிறகுதான் தோழியின் பிறந்தநாள், ஹூக்கா (கரியின் சூட்டில் வரும் புகையைத் தண்ணீர் வழியாகக் குழாயில் இழுப்பது), நள்ளிரவு தாண்டியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. “நேற்று இல்லை என்றாயே?” என்றேன். “அது ஸ்மோக்கிங் இல்லையே மேடம், தண்ணீர் வழியாத்தானே வருது. அதுவும் மூலிகைதான், புகையிலையே கிடையாது” என்றாள்.

மூலிகையானாலும் மேலே கனல்வது கரி. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைத் தண்ணீர் பிடித்து வைப்பதில்லை. புகையைக் குளிரவைக்கிறது, அவ்வளவுதான். தொண்டை எரியாததால் இன்னும் ஆழமாக இழுக்கிறார்கள். அந்த 99-ஐயும் நம்ப முடியாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சுமப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தப் பரிசோதனை செய்யவில்லை, அதனால் அவள் தலைவலிக்கு இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஒரு மணி நேர ஹூக்காவில் உள்ளே போகும் புகை, ஒரு சிகரெட் புகையைப் போல 100 முதல் 200 மடங்கு வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே சொல்லிவிட்டது. சிகரெட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் நான், ஹூக்காவை ஒரே வரியில் தாண்டிவிடுவேன். தப்பு என் மேலும்தான். ஒரு நோயாளியின் தெர்மாமீட்டரைத் துடைக்காமல் அடுத்தவர் வாயில் வைக்காத பிள்ளைகள், அங்கே ஒரே குழாயை ஐந்தாறு பேர் மாற்றி மாற்றி இழுத்திருக்கிறார்கள்!

மருத்துவமனைப் படிவங்களிலும் கல்லூரிப் பயிற்சித் தாள்களிலும் ஹூக்காவுக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். எங்கள் தாளில் இப்போது அதைக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். போன வாரம் அதே வகுப்பை மறுபடி எழுதச் சொன்னேன். ஏழு தாளில் ‘உண்டு’. அதில் ஒன்றில் ‘எப்போதாவது’ என்று எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் ‘மாதம் இரண்டு முறை’ என்று இருந்தது.

இப்படிக்கு,
ஒரு செவிலியர் கல்லூரி ஆசிரியை