நாய் ஒருவருடையது, வழக்கு இன்னொருவர் மேலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்கள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். டெல்லித் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று உத்தரவிட்டு, 22ஆம் தேதி அதைத் திருத்தியதிலிருந்து எங்கும் இதே பேச்சுதான். ஆனால் என்னைக் கடித்த நாய் தெருநாய் இல்லை. அதற்கு மூன்று பெட்ரூம் ஃபிளாட் இருக்கிறது, ஏசி இருக்கிறது, மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து முடிவெட்டிவிட ஆள் இருக்கிறது.

மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் கீழ்த்தளம், மாலை ஆறரை மணி. கையில் தயிர் பாக்கெட்டோடு லிஃப்டுக்காக நிற்கிறேன். கதவு திறந்தால் உள்ளே நான்கு நாய்கள், நான்கு சங்கிலி, கூலிக்கு அவற்றை வெளியே கூட்டிப்போகிற ஒரே ஒரு பையன். வயது பத்தொன்பது இருக்கும். நான் விலகுவதற்குள் ஜெர்மன் ஷெப்பர்டு என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. பையன் பாவம், இதை இழுத்தால் மற்ற மூன்றும் குதிக்கின்றன, அவற்றைப் பிடித்தால் இது விடமாட்டேன் என்கிறது. வாட்ச்மேன் ஓடிவந்துதான் விடுவித்தார்.

மாநகராட்சி மருத்துவமனையில் வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குக் காசில்லை. கடித்த அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28ஆம் நாட்கள். தடுப்பூசி வேலை செய்யும்வரை காக்க, காயத்தைச் சுற்றிப் போட்ட இம்யூனோகுளோபுலின் ஊசி கடியைவிட அதிகமாக வலித்தது. பதற்றத்தில் வீட்டில் மஞ்சளை அப்பிக்கொண்டு போய், நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், வேறு எதையும் வைக்கக் கூடாதாம். இந்த வயதில் கற்றுக்கொண்டேன், மற்றவர்களுக்காவது உதவட்டும்.

நாயின் சொந்தக்காரர் இரவு போன் செய்தார். "குச் நஹீ கர்தா, அங்கிள்" என்றுதான் ஆரம்பித்தார். ஒன்றும் செய்யாதாம். என் காலில் நான்கு பல் பதிந்திருக்கிறது. பிறகு, "பையன் சரியாகப் பிடிக்கவில்லை, அவனிடம் கேளுங்கள்" என்றார். போலீஸ் நிலையத்திலும் அதே கதை. என்சி (போலீஸ் தானாக விசாரிக்காத சிறு குற்றப் பதிவு) எழுதித் தருகிறோம் என்றார்கள், அதுவும் சங்கிலியைப் பிடித்திருந்தவன் பெயரில்.

மறுநாள் காலை பையனே வீட்டுக்கு வந்துவிட்டான். தாராவியிலிருந்து வருகிறவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். "தாத்தா, எம் பேரை எழுதிராதீய. கேஸுன்னு ஆனா வேற எங்கயும் வேலை கிடைக்காது" என்று வாசலிலேயே நின்று அழுதான். ஒரு நாய்க்கு இவ்வளவு என்று கூலி, நான்கைச் சேர்த்துப் பிடித்தால்தான் அவனுக்குக் கட்டுப்படியாகும். நாய்க்காரர்களுக்கும் அது தெரியும். நான் புகாரை அப்படியே விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று இன்னும் தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

சட்டம் இல்லாமல் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவு. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில் போதிய முன்னெச்சரிக்கை எடுக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் 1,000 ரூபாய்தான். இது போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடக்கூடிய குற்றம், என்சியில் முடிக்க வேண்டியதில்லை. எங்கள் பில்டிங்கில் இருக்கும் ஒரு வக்கீல் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

'தன் வசமுள்ள' என்கிற இடத்தில்தான் சிக்கல். சங்கிலி பையன் கையில் இருந்தால் நாய் யார் வசம்? அந்தப் புதிய சட்டத்தின் 3ஆம் பிரிவைக் காட்டினார் வக்கீல். முதலாளிக்காக வேலைக்காரர் வைத்திருக்கும் பொருள் முதலாளி வசம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று அங்கே இருக்கிறது. அப்படியானால் விஷயம் முடிந்ததே என்றேன். சிரித்தார். நான்கு வீட்டு நாய்களை மணிக்கணக்கில் கூட்டிப்போகிற பையன் வேலைக்காரனா, காண்ட்ராக்டா என்று வாதாட ஆரம்பித்தால் வருஷக்கணக்காகும் என்றார்.

வருஷம் என்றால் மும்பையில் எவ்வளவு வருஷம்? தென்மும்பையில் 2010இல் ஒரு முதியவரை ராட்வீலர் இன நாய் கடித்த வழக்கில் 2023இல்தான் தீர்ப்பு வந்தது, உரிமையாளருக்கு மூன்று மாதச் சிறை. ஒரு ராட்வீலரின் ஆயுளைவிட அந்த வழக்கின் ஆயுள் அதிகம். வொர்லியில் 2018இல் லிஃப்டுக்குள் நடந்த கடிக்கு 2025இல் நான்கு மாதம். இரண்டிலும் நாயோடு இருந்தவர் உரிமையாளரே. கூலிக்குப் பிடித்தவன் இடையில் இருந்திருந்தால்? எனக்கு 67 வயது. பதின்மூன்று வருஷம் என்றால் எண்பது.

இன்னொரு வேடிக்கை. 2023 நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் தெருநாய்க் கடிக்கு ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் அரசு தர வேண்டும் என்றது. என் காலைப் பார்த்துக் கணக்குப் போட்டேன், நாற்பதாயிரம். சொந்தக்காரர் இல்லாத நாய் கடித்தால் பல்லுக்கு விலை இருக்கிறது. சொந்தக்காரர் இருக்கும் நாய் கடித்தால் நானே சிவில் கோர்ட்டுக்குப் போய், அவர் கவனக்குறைவை நானே நிரூபிக்க வேண்டும். கலிபோர்னியாவில் அப்படி இல்லையாம். பொது இடத்தில் நாய் கடித்தால், அது முன்பு யாரையும் கடித்ததோ இல்லையோ, நஷ்டத்துக்குப் பொறுப்பு உரிமையாளர்தான்.

நாய் வளர்ப்பதற்கு நான் எதிரி இல்லை. சொசைட்டிகள் நாய்களைத் தடைசெய்யக் கூடாது, லிஃப்டிலும் தடுக்கக் கூடாது என்று விலங்கு நல வாரியம் சொல்லியிருப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். மாநகராட்சி நாய்க்கு உரிமம் தருகிறது, அதில் ஒரு பெயர் இருக்கிறது. சங்கிலி யார் கையில் இருந்தாலும், கடித்தால் மருத்துவச் செலவும் வழக்கும் அந்தப் பெயரைத்தான் சேரும் என்று உரிமத்திலேயே ஒரு வரி எழுதட்டும். ஒரு ஆள் எத்தனை நாய்களைப் பிடிக்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வரட்டும். இரண்டுக்கு மேல் என்றால் பீமனுக்கே கஷ்டம். எங்கள் கமிட்டியில் இதைச் சொன்னேன். அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்று செக்ரெட்டரி சொல்லி மூன்று மீட்டிங் ஆகிவிட்டது.

பையனை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். இப்போது வேறொருவன் வருகிறான், அதே ஜெர்மன் ஷெப்பர்டு, அதே நான்கு சங்கிலி. போன ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் வாசலில் தள்ளி நின்றுகொண்டு, இந்த நாய் என்னைக் கடித்தது தெரியுமா என்று கேட்டேன். யாரும் சொல்லலையே தாத்தா என்றான்.

இப்படிக்கு,
செம்பூர் வாசகர், மும்பை