பேத்தியின் ஜப்பான் பாடம்

யாங்கோன், மியான்மர் (பர்மா)

அன்புள்ள ராசு,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல்.

"கம்ப்யூட்டர் வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்கிறார்கள், பேரனை எதில் சேர்ப்பது?" என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான்.

1964 நினைவிருக்கிறதா? கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. உன் அப்பா இந்தியாவுக்குக் கப்பலேறினார், என் அப்பா தங்கிவிட்டார். அவர் கையில் மிஞ்சியது கணக்கும் பர்மிய எழுத்தும்தான். இரண்டையும் அடித்து அடித்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதை வைத்துத்தான் உளுந்து மண்டியில் முப்பது வருஷம் ஓட்டினேன். இன்று அந்த வேலையே குறைந்துவிட்டது. விலை என்னவென்று விவசாயி ஃபோனிலேயே பார்த்துக்கொள்கிறான்.

2014-ல் சிம் கார்டு 1500 கியாட்டுக்கு வந்ததே, அதோடு பெரிய பேரனுக்கு ஃபோன் கம்பெனியில் வேலை கிடைத்தது. 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அதுவும் போயிற்று. 2024 பிப்ரவரியில் 18 முதல் 35 வயது ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை என்று வந்தது. இப்போது அவன் தாய்லாந்தில் இருக்கிறான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

சின்னப் பேத்தி ஜப்பானிய மொழி படிக்கிறாள். அங்கே பத்தில் மூன்று பேருக்கு 65 வயது ஆகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. 2019-ல் கொண்டுவந்த ஒரு விசாவில், மொழித் தேர்வும் தொழில் தேர்வும் எழுதித் தேறினால் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகலாம். ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தால் வீடே எழுந்துவிடும். ஒருத்தர் மோட்டார் போடுவார், ஒருத்தர் சோறு வைப்பார். இவள் நோட்டை விரித்துவிடுவாள். "தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில்தான் வருது தாத்தா" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பாட்டிதான் அவளுக்குப் பாடப் புத்தகம். பக்கவாதத்துக்குப் பிறகு கிழவிக்கு இடது பக்கம் சரியில்லை, உனக்குத் தெரியுமே. பேத்தி கட்டில் அருகே முழங்காலை மடக்கி நின்று, "ஓகோஷிமாஸ்" என்பாள். எழுப்பப் போகிறேன் என்று அர்த்தமாம். சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது அவர்கள் பாடம். கிழவி "ம்" என்றதும் ஒரு கை தோளுக்குக் கீழே, ஒரு கை முழங்காலுக்குக் கீழே. நானும் இத்தனை மாதமாகத் தூக்குகிறேன், ஒருநாளும் சொல்லிவிட்டுத் தூக்கியதில்லை. இப்போது நானும் சொல்கிறேன், தமிழில்.

இந்த வேலையை இயந்திரம் அத்தனை சீக்கிரம் பிடுங்காது என்று எனக்குத் தோன்றுகிறது. உன் பேரன் கம்ப்யூட்டர் படிக்கட்டும், தடுக்காதே. ஆனால் அதோடு வேறொரு மொழியை எழுதப் பேசப் படிக்கட்டும். மனிதர்களோடு பழகுகிற வேலை ஏதாவது ஒன்று கையில் ஏறட்டும். எனக்குப் பயம் படிப்பைப் பற்றியில்லை, ஒரே வேலையை நம்பி உட்கார்ந்துவிடுவதைப் பற்றித்தான்.

அவளுக்கு டிசம்பரில் தேர்வு. அப்புறம், உன் பேரனை அவளோடு ஒருநாள் பேசச் சொல். இங்கே உங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால், அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
சுப்பையா